கொழும்பில் வீட்டுத் தோட்டத்தை மாற்றி அமைக்க யாரைப் பிடிப்பது?

தோட்டத்தைப் புதிதாக அமைக்க நினைத்தவுடன் எல்லாரும் கேட்பது, "நல்ல ஆள் யாராவது தெரியுமா?" என்றுதான். அதற்கு முன்னால் வளவைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். உங்கள் பிரச்சினை மண்ணுக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா? மழைக்குத் தண்ணீர் தேங்குகிறது, மதிலில் ஈரம் ஏறுகிறது, கேட்டடியில் தரை இறங்குகிறது என்றால் அது கீழே உள்ள பிரச்சினை. புல் பிடிக்கவில்லை, செடிகள் பொலிவாக இல்லை, பின்னேரத்தில் கதிரை போட்டு இருக்க நிழல் இல்லை என்றால் மேலே உள்ள பிரச்சினை. இது தெளிவாகிவிட்டால் யாரை அமர்த்துவது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். தெளிவாகாமல் கொட்டேசன் கேட்டால், வருகிறவர் தனக்குத் தெரிந்த வேலையைத்தான் உங்களுக்குத் தேவையான வேலை என்று சொல்லுவார்.

நான் பேசுவது வெள்ளவத்தை, தெஹிவளை, கிருலப்பனை, கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கத்தில் நம்மவர்கள் வைத்திருக்கும் அளவான காணிகளைப் பற்றி. எட்டு, பத்து பேர்ச்சஸ், வசதியானால் பதினைந்து. வீடும் போர்ட்டிக்கோவும் போக முன்னால் ஒரு துண்டு நிலம், பக்கத்தில் ஒடுங்கிய பாதை, பின்னால் கிணறும் உடுப்புக் கொடியும் உள்ள கோடி. தெஹிவளையில் என் சித்தியின் வளவும் இப்படித்தான். அதற்காக நான்கு விதமான ஆட்களிடமும் விலை கேட்டோம். அந்த நான்கையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் தண்ணீர். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதன் உச்சங்கள் இரண்டு: ஏப்ரல், மே பக்கம் ஒன்று, ஒக்டோபர், நவம்பரில் மற்றது. ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடி. ஐந்து பேர்ச்சஸ் திறந்த நிலத்தில் ஒரு பின்னேரம் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 6,300 லீற்றர் தண்ணீர். வழக்கமான 1,000 லீற்றர் தாங்கி ஆறு நிரம்பும். கூரையிலிருந்து பீலி வழியாக இறங்குவது இதற்கு மேலதிகம். இந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று சொல்லாத எந்தத் திட்டமும் திட்டமில்லை.

நிலம் தண்ணீரை இழுக்குமா என்று நீங்களே பார்க்கலாம். ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, ஒரு தடவை தண்ணீர் நிரப்பி வற்ற விட்டு, திரும்பவும் நிரப்புங்கள். மணிக்கு ஓர் அங்குலம் அளவில் இறங்கினால் நல்ல மண். அடுத்த நாளும் தண்ணீர் நின்றால் சிக்கல். காலி வீதிக்குக் கடற்பக்கத்து மணல் நிலத்தில் தண்ணீர் உடனே இறங்கிவிடும். அங்கே பிரச்சினை உப்புக்காற்றும் பசளை நிற்காததும்தான். பள்ளமான இடத்தை நிரப்பிக் கட்டிய காணிகளில் நிலைமை வேறு. மேலே ஓரடி செம்மண், அதற்குக் கீழே உடைத்த கட்டடக் கழிவு, அதற்குக் கீழே சேறு. அப்படிப்பட்ட நிலத்தில் எவ்வளவு விலை கொடுத்து மரம் வாங்கி வைத்தாலும் வேர் அழுகும்.

சரி, இனி ஆட்கள்.

நாட்கூலிக்குத் தோட்ட வேலை செய்பவர்தான் மலிவு. உங்களிடம் தெளிவான யோசனை இருந்து, வேலை மேலே மட்டும் என்றால் இவரைவிட நல்ல தெரிவு இல்லை. மண் கொத்துவது, பழைய செடிகளை இடம் மாற்றுவது, கூட்டுப்பசளை கலப்பது, புல் பதிப்பது எல்லாம் செய்வார். கொழும்பில் பத்து வீட்டுத் தோட்டம் பார்த்தவருக்கு எந்தச் செடி எந்த மூலையில் வரும் என்று கைப்பழக்கத்திலேயே தெரியும். அந்த அறிவுக்கு மரியாதை கொடுக்க வேண்டும். ஆனால் சரிவு எடுப்பதும் கான் வெட்டுவதும் இவர் வேலை அல்ல. அதற்கு மேசன் பாஸ் தனியாக வேண்டும். இரண்டு பேரையும் இணைக்கும் மேற்பார்வை உங்கள் தலையில் விழும். காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர்களுக்கு இது நடைமுறைக்கு வராது.

இரண்டாவது, நேர்சரிக்காரர். பத்தரமுல்லை, தலவத்துகொடைப் பக்க நேர்சரிகள் சிலவற்றில் செடி வாங்கினால் அவர்களே வந்து நட்டும் தருவார்கள். பத்தரமுல்லை தியத்த உயனவில் உள்ள செடிக்கடைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போனால் விலையும் தரமும் ஓரளவு பிடிபடும். இவர்களிடம் செடி மலிவு, போக்குவரத்தும் சேர்ந்தே வரும். குறை என்னவென்றால், செடி விற்பவர் செடியால்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுவார். தண்ணீர் தேங்குகிறதா, தண்ணீர் தாங்கும் செடி இருக்கிறது. நிழலா, நிழல் செடி இருக்கிறது. சித்தியின் வளவுக்கு வந்தவர் வடக்குப் பக்கத் துண்டு முழுவதும் புல் பதிக்கலாம் என்றார். அவர் வந்தது ஜூன் மாதம். அப்போது அங்கே நல்ல வெயில்.

இந்த வெயில் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் புல் சாவதற்கு இது ஒரு பெரிய காரணம். நாம் இருப்பது வட அகலாங்கு ஏழு பாகைக்குச் சற்றுக் கீழே. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாயும். மற்ற மாதங்களில் தெற்கே. டிசம்பர் பிற்பகுதியில் இருபது அடி உயரமான மாடி வீட்டின் நிழல் நண்பகலில்கூட வடக்கே பன்னிரண்டு அடி வரை நீளும். நம் காணிகளில் வீட்டுக்கும் வடக்கு மதிலுக்கும் இடையில் பன்னிரண்டு அடி எத்தனை பேருக்கு இருக்கிறது? ஜூனில் பார்த்துவிட்டுப் பதித்த புல், ஒக்டோபர் மழையில் ஊறி, டிசம்பர் நிழலில் மஞ்சளாகி, ஜனவரியில் வெறும் மண்ணாக இருக்கும். மலேசியன் புல் அரை நிழலைத் தாங்கும், முழு நிழலைத் தாங்காது. யாரை அமர்த்தினாலும் "இந்த இடத்தில் டிசம்பரில் எவ்வளவு நேரம் வெயில் விழும்?" என்று கேளுங்கள். யோசித்துப் பதில் சொல்லுகிறவர் வேலை தெரிந்தவர்.

மூன்றாவது, திட்டம் போட்டு வேலையையும் முடித்துக் கொடுக்கும் லாண்ட்ஸ்கேப் நிறுவனங்கள். இவர்களிடம் எல்லாம் ஒரே கையில் இருக்கும். மேசன், குழாய் வேலை, மின்விளக்கு, மண், செடி, பிறகு மாதாந்தப் பராமரிப்பு. ஒருவரோடு மட்டும் பேசினால் போதும். வெளிநாட்டில் இருந்துகொண்டு அப்பா அம்மாவின் வீட்டுக்குத் தோட்டம் செய்து கொடுக்கும் பிள்ளைகளுக்கு இதுதான் சாத்தியமான வழி, அதை நான் மறுக்கவில்லை. பெரிய காணி, உயர வித்தியாசம், தாங்குசுவர் என்று வந்தாலும் இவர்களே பொருத்தம்.

ஆனால் இரண்டு விஷயத்தில் கண்ணை அகலத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒன்று, கணினியில் வரைந்து காட்டும் படம். அதில் செடிகள் மூன்று வருட வளர்ச்சியில் நிற்கும். கையளிக்கும் நாளில் அதே நிறைவு தெரிய வேண்டும் என்று நெருக்கி நெருக்கி நடுவார்கள். கொழும்பு மழைக்கும் வெயிலுக்கும் செடி வளரும் வேகத்தில் ஒரு வருடத்துக்குள் ஒன்றை ஒன்று நெரிக்கும். பாதியைப் பிடுங்க வேண்டி வரும். பிடுங்கியதற்கும் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள். மற்றது, இன்டர்லொக் கல். சதுர அடிக் கணக்கில் போடும் வேலை என்பதால் கல்லை நோக்கியே திட்டம் நகரும். தெரிந்த ஒரு வீட்டில் மலக்குழி மூடியின் மேலேயே கல்லைப் பதித்துவிட்டுப் போய்விட்டார்கள். குழி நிரம்பியபோது எந்த இடத்தில் உடைப்பது என்று தெரியாமல் வீட்டுக்காரர் அந்தரப்பட்டார். மலக்குழி மூடி, நீர்மானி, மோட்டர், நிலத்தடிக் குழாய்கள் எங்கே இருக்கின்றன என்று வேலை தொடங்கும் முன் ஒரு தாளில் குறித்து, கொட்டேசனோடு சேர்த்து இரண்டு பக்கமும் கையொப்பம் போடுங்கள்.

நான்காவது வழியைத்தான் நம்மவர்கள் யோசிப்பதே இல்லை: வரைபடத்துக்கு மட்டும் காசு கொடுப்பது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் லாண்ட்ஸ்கேப் கட்டடக்கலைக்கு ஒரு தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதைப் படித்து வெளியே வந்தவர்களில் சிறிய வீட்டு வேலை எடுப்பவர்களும் உண்டு. இவர் வளவை அளந்து, மட்டம் பார்த்து, தண்ணீர் ஓடும் பாதை, நடைபாதை, மண் ஆழம், செடிகளின் பெயரும் இடைவெளியும் எல்லாம் வரைந்து கொடுத்துவிடுவார். அந்தத் தாளை வைத்து மேசன் பாஸிடமும் தோட்டக்காரரிடமும் தனித்தனியாக விலை கேட்கலாம். அல்லது மூன்று நிறுவனங்களிடம் ஒரே வேலைக்கு விலை கேட்கலாம். வரைபடம் இல்லாமல் வாங்கும் மூன்று கொட்டேசன்கள் மூன்று வெவ்வேறு தோட்டங்களுக்கான விலை. அவற்றை ஒப்பிடவே முடியாது.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுபவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பிள்ளைகளோடு வந்து இருக்கும் பெரியவர்கள் பகலில் வீட்டில் தனியாக இருந்து வேலையைப் பார்க்கிறார்கள். செடிப் பெயர்கள் இரண்டு மொழியிலும் எழுதிய ஒரு வரைபடம் சுவரில் ஒட்டியிருந்தால் விரலால் தொட்டுக் காட்டியே பேசிக்கொள்ளலாம். சித்தி அப்படித்தான் சமாளித்தார். வரைய வந்த பெண்ணிடம் சித்தி முதலில் கேட்டதும் செடியைப் பற்றி இல்லை: "பிள்ளை, பொங்கல் பானையை எங்க வைக்கிறது?" முன் முற்றத்தில் கிழக்கு வெளிக்கும் இடத்தில் ஆறடிச் சதுரம் எதுவும் நடாமல் விடப்பட்டது. மற்ற மூவரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை, நாங்களும் அவர்களிடம் சொல்ல நினைக்கவில்லை. வரைபடம் போட உட்காரும்போதுதான் இப்படிப்பட்டவை வாயில் வருகின்றன. உடுப்பு எங்கே காயும், குப்பைத் தொட்டி எங்கே நிற்கும், சாமிக்குப் பூ எங்கே பறிப்பது.

இதன் குறை என்னவென்றால், தொடக்கத்திலேயே ஒரு தொகை கையை விட்டுப் போகும், கண்ணுக்கு ஒரு செடிகூடத் தெரியாது. வீட்டில் யாராவது "ஒரு தாளுக்கா இவ்வளவு?" என்று கேட்பார்கள். பத்து பேர்ச்சஸுக்குக் குறைந்த காணியில், பிரச்சினை மேலே மட்டும் என்றால் அவர்கள் கேட்பதும் நியாயம்தான். அங்கே இது தேவையில்லை. தண்ணீர்ப் பிரச்சினை இருந்தால் காணி எவ்வளவு சிறிதானாலும் இந்தச் செலவைச் செய்யலாம் என்பது என் முடிவு. சித்தியின் வளவில் நாங்கள் எடுத்ததும் இதைத்தான்.

அப்புறம், எதைப் போடுவது என்ற ஒப்பீடு. புல்லா, கல்லா, சல்லியா, மரக்கறியா?

இன்டர்லொக் கல் காருக்கும் நடக்கவும் நல்லது; வளவு முழுவதும் வேண்டாம். பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் வீட்டுக்குள் விடும். மழைநீரில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்காமல் கேட்டை நோக்கி ஓடும். போடும் இடத்திலும் பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் சரிவு இருக்க வேண்டும், அந்தச் சரிவு வீட்டுக்கு வெளியே பார்த்து இருக்க வேண்டும். கருங்கல் சல்லி மலிவு, தண்ணீரை விடும், ஆனால் மரத்தடியில் போட்டால் இலை பொறுக்கியே காலம் போகும். புல்லுக்கு வெயிலும் வெட்டும் ஆளும் வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வெட்டாவிட்டால் காடு. சிறிய காணியில் புல்லை ஒரு துண்டோடு நிறுத்தி, மிச்சத்தில் பற்றைச் செடிகளும் நிழல் மரம் ஒன்றும் வைப்பதே எனக்குப் பிடித்த வழி. நிழலான ஒடுங்கிய பாதையில் பன்னமும் அந்தூரியமும் போதும்.

மரக்கறித் தோட்டத்தைப் பற்றி 2022க்குப் பிறகு நம் எல்லாருக்கும் ஒரு நினைவு இருக்கிறது. அந்த வருடம் அரச ஊழியர்களுக்கு வீட்டில் பயிர் செய்ய என்று வெள்ளிக்கிழமை விடுமுறைகூட அறிவித்தார்கள். அப்போது தொடங்கிய பாத்திகள் பல வீடுகளில் பிறகு புல் மண்டிக் கிடக்கின்றன. தினம் ஒரு மணித்தியாலம் ஒதுக்கக்கூடியவர் வீட்டில் இருந்தால் மட்டும் கத்தரி, மிளகாய், பயிற்றை என்று போங்கள். அப்படி ஒருவர் இல்லாத வீட்டுக்குக் கறிவேப்பிலை, ரம்பை, தேசிக்காய், வாழை, வல்லாரை. கவனிக்காவிட்டாலும் கறிக்கு உதவும். முருங்கைக்கு வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது, மேடான இடம் கொடுங்கள். கறுத்தக்கொழும்பான் மாங்கன்றை ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து நடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மாமரம் பூக்க ஒரு நல்ல வறட்சி வேண்டும், அது கொழும்பின் ஈரத்தில் ஒழுங்காகக் கிடைக்காது. மரம் ஓங்கி வளரும், காய் ஏமாற்றும். அந்த இடத்துக்கு இறம்புட்டான் அல்லது ஜம்பு பொருத்தம்.

பழைய மரத்தை வெட்டும் முன்னால் என்ன மரம் என்று பாருங்கள். பலாவையும் ஈரப்பலாவையும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பாதுகாக்கிறது. அனுமதி எடுக்காமல் சொந்தக் காணியிலும் தறிக்க முடியாது. "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்ளுவோம்" என்று வேலைக்காரர் சொன்னால், அனுமதித் தாளைக் கையில் தரச் சொல்லுங்கள். கேள்வி வந்தால் வருவது காணிக்காரரிடம்.

நுளம்பை விட்டுவிட்டுக் கொழும்பில் தோட்டம் பேச முடியாது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு கிழமை, பத்து நாள் போதும். 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, வளவில் குடம்பி கண்டுபிடிக்கப்பட்டால் வீட்டுக்காரர் நீதிமன்றம் போக நேரலாம். ஆகவே அழகுக்கு என்று வைக்கும் தண்ணீர்த் தொட்டி, வெட்டிய மூங்கில் குற்றி, பூச்சட்டிக்குக் கீழே தட்டு, இலைக் கக்கத்தில் தண்ணீர் தேங்கும் புரோமிலியாட் செடி ஒவ்வொன்றையும் திட்டத்தில் பார்க்கும்போதே கேள்வி கேளுங்கள். தொட்டி வேண்டும் என்றே ஆசை என்றால் கப்பி மீன் விடலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் தொட்டியே வேண்டாம் என்று சொல்லுவேன்.

கொட்டேசன்களை ஒப்பிடும்போது கடைசி வரியில் உள்ள தொகையைக் கடைசியில் பாருங்கள். முதலில் மண்ணைப் பாருங்கள். இங்கே மண்ணும் சல்லியும் கியூப் கணக்கில் வருகின்றன. ஒரு கியூப் 100 கன அடி. ஒரு பேர்ச்சஸ் நிலத்தில் நாலு அங்குலம் மேல்மண் பரப்ப 91 கன அடி, அதாவது கிட்டத்தட்ட ஒரு கியூப் தேவை. நான்கு பேர்ச்சஸ் தோட்டத்துக்கு ஒரு கியூப் மண் என்று எழுதியிருந்தால் ஓர் அங்குலம்தான் விழும் என்று அர்த்தம். மலிவான கொட்டேசனின் மலிவு பல நேரம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அடுத்து செடி: பெயர், எண்ணிக்கை, நடும் நாளில் உயரம். "அலங்காரச் செடிகள், மொத்தமாக" என்று ஒரு வரி மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். பிறகு கழிவு அகற்றுவது யார் பொறுப்பு. சீமெந்துக் கழுவல் நீரைச் செடி வைக்கப்போகும் மண்ணில் ஊற்றினால் மண் காரமாகிவிடும். எக்சோறா போன்ற அமில மண்ணை விரும்பும் செடிகளின் இலை மஞ்சளாகும், பசளை போட்டும் திரும்பாது. மேசன் வேலை முழுவதும் முடிந்து கழிவு ஏற்றிய பிறகே செடி இறங்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, மண் கிளறும் வேலையும் கான் வேலையும் ஜனவரி, பெப்ரவரியில். செடி நடுவது ஏப்ரல் மழை தொடங்கும்போது. இப்படிப் பிரித்தால் காசையும் இரண்டு தவணையாகப் பிரிக்க முடிகிறது.

பணம் கொடுக்கும்போது பொருள் வளவுக்குள் வந்து இறங்கிய அளவுக்குக் கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். கட்டட வேலைகளில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துப் பிறகு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதை இங்கேயும் கேட்கலாம். மொத்தத்தில் பத்து வீதத்தை ஒரு பெருமழைக் காலம் முடியும்வரை நிறுத்தி வைப்பது என்றும், அதற்குள் செத்த செடிகளை அதே அளவில் மாற்றித் தருவது, தண்ணீர் தேங்கும் இடத்தைத் திருத்துவது என்றும் எழுதிக்கொள்ளுங்கள். சித்தியின் மேசன் பாஸ் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு ஒத்துக்கொண்டார். மே மாத மழையில் பின்பக்கக் கானின் ஒரு மூலையில் தண்ணீர் நின்றது. அவரே வந்து மட்டத்தைத் திருத்திவிட்டு மிச்சப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.